அம்பாசிடரின் தொண்டை

பழைய கார் ஒன்றை மீட்டெடுக்கும் பணியில் சைலன்சரின் முறை பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. வண்ணத்தின் சாயலைப் பற்றி மாதக்கணக்கில் விவாதம் நடக்கும். பம்பருக்குக் குரோம் பூசுவதற்காக இன்னொரு நகரம் வரை போய்வருவார்கள். இருக்கை உறையில் எத்தனை தையல் வரி இருந்தது என்று பழைய புகைப்படங்களை வைத்து எண்ணுவார்கள். பணமும் பொறுமையும் ஒருசேரத் தீர்ந்துபோன ஒரு வாரத்தில், குழாய் வளைக்கும் பட்டறையின் முன் வண்டி நிற்கும். அரை மணி நேரத்தில் முடிவு எடுக்கப்பட்டுவிடும். கண்ணை மூடிக்கொண்டு நிற்பவருக்கும் ஒரு காரை அடையாளம் காட்டப்போவது அந்த அரை மணி நேர முடிவுதான்.

எடுத்துக்காட்டாக அம்பாசிடரைக் கொள்ளலாம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, வங்கத்தின் உத்தர்பாடாவில் 1950களின் பிற்பகுதி தொடங்கி 2014 மே மாதம் வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் உருவான வண்டி அது. அரை நூற்றாண்டுக்கு மேலாக முகம் ஏறத்தாழ மாறாமலே இருந்ததால், அதன் ஒலியும் ஒன்றே என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது சரியன்று. தொடக்கத்தில் 1476 சி.சி. பக்கவால்வு எஞ்சின் இருந்தது. சில ஆண்டுகளிலேயே அதன் இடத்தை, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த 1489 சி.சி. மேல்வால்வு பெட்ரோல் எஞ்சின் பிடித்தது. 1980ஐ ஒட்டி டீசல் வந்தது. 1990களின் தொடக்கத்தில் இசுசுவின் 1800 சி.சி. எஞ்சின் வந்தது. கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சியில் ஏறி வளர்ந்தவர் காதில் இருக்கும் அம்பாசிடரும், 1968இல் ஒரு மாவட்ட ஆட்சியரின் பங்களா வாசலில் நின்ற அம்பாசிடரும் ஒரே குரலில் பேசியவை அல்ல. மீட்டெடுப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி 'அம்பாசிடர் எப்படி ஒலிக்கும்?' என்பதன்று, 'இந்த ஆண்டில், இந்த எஞ்சினோடு பிறந்த இந்த வண்டி எப்படி ஒலித்திருக்கும்?' என்பதே. இங்கே பேசப்படுவது அந்த 1489 சி.சி. பெட்ரோல் வண்டியைப் பற்றி.

பட்டறை வாசலில் மூன்று வழிகள் முன்வைக்கப்படும். முதலாவது, சாதாரண இரும்புக் குழாயும் சந்தையில் கிடைக்கும் மாதிரிச் சைலன்சரும். கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும் தில்லியின் காஷ்மீரி கேட்டிலும் தேடினால் இவை கிடைக்கும். இரண்டாவது, அதே வடிவத்தை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்துகொள்வது. மூன்றாவது, வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டுக் குழாய் ஹெடரும், அகன்ற குழாயும், 'ஃப்ரீ ஃப்ளோ' சைலன்சரும் பொருத்துவது. முதல் வழியை விரும்புவோர் 'ஒரிஜினாலிட்டி' என்ற சொல்லைச் சொல்வார்கள். மூன்றாவதை விரும்புவோர் எஞ்சின் மூச்சுவிட வேண்டும் என்பார்கள். இரண்டாவதைத் தேர்பவர் இரு தரப்பிடமும் பேச்சு வாங்குவார். ஆயினும் பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டாவதே சரியான வழி. முதல் தரப்பு உலோகத்தையே மூலம் என்று கருதிவிடுகிறது. மூன்றாம் தரப்புக்கோ உரத்து ஒலிப்பதெல்லாம் உயிர்ப்பு. இவ்விரண்டில் பின்னதே அதிகம் கெடுதல் செய்வது.

சொல்லிலிருந்து தொடங்குவது பயன் தரும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி, ஒவ்வொரு வாகனத்திலும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. விரிவறை ஒன்றைக் கொண்டோ வேறு வழியிலோ, வெளியேறும் வாயுவின் ஓசையைக் கூடியவரை குறைக்கும் கருவி என்று அதை வரையறுக்கிறது. அமெரிக்கர் 'மஃப்ளர்' என்பதை ஆங்கிலேயர் 'சைலன்சர்' என்றனர். இந்தியா அந்தச் சொல்லை வண்டியோடு சேர்த்தே பெற்றுக்கொண்டது. மௌனமாக்குவதாகப் பெயர், செய்வதோ குரலை அடக்குவது மட்டும். இந்தியப் பட்டறைகளில் அச்சொல்லின் பொருள் மேலும் விரிந்துவிட்டது. எஞ்சினை ஒட்டிய மேனிஃபோல்டிலிருந்து கீழிறங்கும் முன்குழாய், நடுக்குழாய், ஒலியடக்கும் டப்பா, வால்குழாய், இவற்றைத் தாங்கும் ரப்பர், கிளாம்ப் எல்லாமே இங்கு 'சைலன்சர்'தான். உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகிவருவது இலக்கணம் அறிந்த ஆகுபெயர் வகைதான். ஆனால் 'சைலன்சரை மாத்திடுங்க' என்று சொல்லிவிட்டுப் போகும் உரிமையாளர், மாலையில் திரும்பி வரும்போது டப்பா மட்டும் மாறியிருக்கலாம், முன்குழாய்வரை எல்லாமே மாறியிருக்கலாம். பழைய முன்குழாய் அதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும். எந்த உறுப்பு, எந்த அளவு, எந்த உலோகம் என்று எழுதிக் கொடுக்காத தேர்வு தேர்வே ஆகாது.

அடுத்தது ஒலி. நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்புகள் நிகழ்கின்றன. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் விநாடிக்கு 100 வெடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ். வளர்ந்த ஆணின் பேச்சுக்குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஒலியியல் படித்தவர்க்கு இது வெறும் தற்செயல் ஒற்றுமையாகத் தோன்றாது. குன்னர் ஃபாண்ட் 1960இல் வெளியிட்ட நூலின் வழியாக மொழியியலில் நிலைபெற்ற கோட்பாடு ஒன்று உண்டு: குரல்வளை மடல்கள் எழுப்புவது மூலவொலி, தொண்டையும் வாயும் மூக்கும் அதை வடிகட்டுகின்றன. ஒரே சுருதியில் 'அ', 'இ', 'உ' மூன்றையும் ஒருவர் பாட முடிவது அதனால்தான். மடல்களின் அதிர்வு மாறவில்லை. குழலின் வடிவம் மாறியது. காரிலும் அப்படியே. எஞ்சின் மூலவொலி. மேனிஃபோல்டிலிருந்து வால்குழாயின் நுனிவரை உள்ள நீளம், விட்டம், வளைவு, இடையில் உள்ள அறைகள் ஆகியவை தொண்டையும் வாயும்.

இதை மனத்தில் கொண்டால், எஞ்சினை முற்றிலும் மூலநிலைக்குக் கொண்டுவந்துவிட்டுச் சைலன்சரை மட்டும் கைக்கு வந்தபடி மாற்றுவதன் பொருள் விளங்கும். ஒருவருடைய குரல்நாண்களைக் காப்பாற்றி வைத்துவிட்டு வேறொருவருடைய வாயைப் பொருத்துவதற்கு ஒப்பானது அது. அக்காலக் குடும்பக் கார்களில் இருந்தவை பெரும்பாலும் அறைகளும் துளையிட்ட குழாய்களும் கொண்ட சைலன்சர்கள். ஒலியலைகள் அறைக்குள் பிரதிபலித்து ஒன்றையொன்று மட்டுப்படுத்தும். தாழ்ந்த அதிர்வெண்களை அடக்குவதில் இம்முறை வல்லது. ஃப்ரீ ஃப்ளோ எனப்படுபவற்றில் பெரும்பாலும் துளையிட்ட நேர்குழாய் ஒன்றும் அதைச் சுற்றிக் கண்ணாடியிழைப் பஞ்சும் இருக்கும். கீச்சொலியை அது உறிஞ்சும். அடித்தொண்டை முழக்கத்தைப் போகவிடும். புதிதில் கம்பீரமாகத் தோன்றும் அந்த முழக்கம், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் போகும்போது காருக்குள் நின்று அதிர்ந்து தலைவலியாக மாறும். பஞ்சு கருகி உதிர உதிர ஓசை இன்னும் கூடும். இரண்டாண்டுக்குப் பிறகு அந்த வண்டி எப்படி ஒலிக்கும் என்பதைப் பொருத்துகிற நாளில் யாராலும் சொல்ல முடியாது.

ஆற்றல் கூடும் என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. அதில் பாதி உண்மை இருக்கிறது. பி-சீரிஸ் எஞ்சினின் தலைப்பகுதியில் சிலிண்டர் நான்கு, புகை வெளியேறும் வாய்களோ மூன்று. ஒன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்குத் தனித்தனி வாய். நடுவில் உள்ள இரண்டும் மூன்றும் ஒரே வாயைப் பகிர்ந்துகொள்கின்றன. வெடிப்பு வரிசை 1-3-4-2. ஆகவே நடுவாயில் இரண்டு வெடிப்புகளுக்கிடையே சரியாக ஒரு முழுச் சுற்று இடைவெளி இருக்கும். ஒன்றையும் நான்கையும் ஒரு கிளையாக இணைத்தால் அங்கும் அதே இடைவெளி. நடுக்கிளையை நீட்டி, மற்ற இரண்டையும் தம்முள் இணைத்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்கும் 'லாங் சென்டர் பிராஞ்ச்' ஹெடர் பிரிட்டனில் பெயர் பெற்றதற்குக் காரணம் இதுதான். அந்த வடிவமைப்பில் அறிவு இருக்கிறது. குழாய் வளைக்கும் பட்டறையில் கண்ணளவில் ஒட்டப்படும் நான்கு குழாய்க் கொத்தில் அந்த அறிவு இருப்பதில்லை. இருக்கவும் முடியாது, மூன்று வாய் உள்ள தலைக்கு நான்கு குழாய் எதற்கு என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை.

விட்டத்தைப் பற்றிய குழப்பம் இதைவிடப் பெரிது. 'எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்' என்று ஒரு சாராரும், 'பேக் பிரஷரே கூடாது, ஆகவே எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது' என்று மற்றொரு சாராரும் சொல்வது வழக்கம். முதல் கூற்றின் அனுபவம் சரி, விளக்கம் தவறு. இரண்டாவதில் தொடக்கம் சரி, முடிவு தவறு. எந்த எஞ்சினுக்கும் எதிரழுத்தத்தால் நன்மை இல்லை. ஆனால் வாயு விரைந்து ஓட வேண்டும். அந்த ஓட்டத்தின் உந்தமே சிலிண்டரில் எஞ்சிய புகையை இழுத்து வெளியேற்றுகிறது. ஒன்றரை அங்குலக் குழாயை இரண்டு அங்குலமாக்கினால் உட்பரப்பு ஏறத்தாழ 78 விழுக்காடு கூடிவிடும். 50 குதிரைத்திறனை ஒட்டிய, தாழ்ந்த சுற்றிலேயே வேலை செய்யப் பழகிய ஓர் எஞ்சினுக்கு அவ்வளவு அகலம் பெரிய சட்டை. நகரச் சாலையில், மூன்றாம் கியரில், மெல்ல ஏறும் இடங்களில் இழுவை குறையும்; கூடும் என்று சொல்லப்பட்ட ஆற்றலோ, அந்த வண்டியை யாரும் கொண்டுபோகாத வேகத்தில்தான் தலைகாட்டும். புகையின் ஓட்டம் மாறினால் கார்புரேட்டரின் கலவையையும் திருத்த வேண்டும். அதைச் செய்யாமல் விடுபவர்களே அதிகம். பிறகு எஞ்சின் சூடேறுகிறது என்று ரேடியேட்டரைக் குறை சொல்வதும் உண்டு.

இனி உலோகம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் விளையும் நீர் அது. குழாய் நன்கு சூடேறியிருந்தால் ஆவியாகவே வெளியேறிவிடும். குளிர்ந்த குழாயில் அது சுவரில் படிந்து, எரிபொருளின் அமிலத் தன்மையுள்ள கழிவோடு கலந்து, சைலன்சரின் அடியில் தேங்கும். சைலன்சர் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்து அரிக்கப்படுவது அதிகம் என்பது இதனால்தான். நாள் முழுக்க ஓடிய டாக்சியின் குழாய் எப்போதும் சூடாகவே இருந்தது. இரும்புக்கு அது ஓரளவு காப்பு. மீட்டெடுக்கப்பட்ட காரின் வாழ்க்கை வேறு. ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை கிளப்பி, கொட்டகையிலிருந்து வாசல்வரை நகர்த்தி, துடைத்து, மீண்டும் உள்ளே விடுவார்கள். இரும்புச் சைலன்சருக்கு இதைவிடக் கொடிய சிகிச்சை வேறில்லை. மூலத்துக்கு உண்மையாக இருப்பதாக நினைத்து இரும்பைத் தேர்பவர், மூலவண்டி வாழ்ந்த வாழ்க்கையை அதற்குக் கொடுப்பதில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றாலும் அது ஒற்றைப் பொருள் அன்று. தமிழில் 'எவர்சில்வர்' என்று பெயரிட்டபோது அதன் அழியாமையை நம்பிப் பெயரிட்டார்கள். பெயரில் உள்ள 'எவர்' எல்லா வகைக்கும் பொருந்துவதில்லை. கார் ஆலைகள் குழாய்க்குப் பரவலாகப் பயன்படுத்துவது 409 வகை. ஏறத்தாழ 11 விழுக்காடு குரோமியம் கொண்ட அது காந்தத்தில் ஒட்டும், மேற்பரப்பில் பழுப்புத் துரு படியும்; ஆனால் எளிதில் ஓட்டையாகாது. 304 வகையில் குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு அளவில் இருக்கும். பளபளப்பு நீடிக்கும், காந்தம் பொதுவாக ஒட்டாது. சிக்கல் இங்கேதான். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்துச் செய்யப்படும் 202 போன்ற 200 வரிசை எஃகு இந்தியச் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. அதிலும் காந்தம் ஒட்டாது. பட்டறைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி 'பாருங்க, ஒட்டலை, அசல் 304' என்று சொன்னால், அந்தச் சோதனை காட்டுவது அது 409 அன்று என்பதை மட்டுமே. மாடிப்படிக் கைப்பிடிக்குப் போதுமான எஃகு, சூடும் அமிலமும் மாறிமாறித் தாக்கும் குழாய்க்குப் போதாது. குழாயின் மேல் அச்சிட்ட தரக்குறியைப் பார்த்து வாங்குவதும், வாங்கிய இடத்தின் பில்லைச் சேர்த்து வைப்பதும் கௌரவக் குறைவல்ல.

பளபளப்புக்காக 304ஐத் தேர்பவர் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். சூட்டில் அது சாதாரண இரும்பைவிட மிகுதியாக நீளும். இரண்டு மீட்டர் குழாய் 200 டிகிரி சூடேறினால் இரும்பு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கும் 304 ஏழு மில்லிமீட்டர் அளவுக்கும் நீளும். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். தாங்கும் ரப்பர்கள் இறுகிப்போயிருந்தால் அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் குழாயை அடிச்சட்டத்தில் மோத வைத்து, ஊர் முழுக்கத் தேடினாலும் பிடிபடாத கடகடப்பாக வெளிப்படும். தடிமன் குறைந்த எஃகுத் தகட்டில் செய்த டப்பா தகரம் போல் கணகணக்கும் என்ற குறையிலும் உண்மை உண்டு. அதற்கு மாற்று, இரும்புக்குத் திரும்புவதன்று. தகட்டின் தடிமனைப் பழையதற்கு இணையாக வைப்பதும், டப்பாவுக்கு இரட்டைச் சுவர் கேட்பதுமே. 409இல் செய்து, கண்ணில் படும் இடங்களில் வெப்பம் தாங்கும் மங்கிய வண்ணம் பூசினால், குனிந்து பார்க்கும் நடுவருக்கும் அது பழைய காரின் அடிவயிறாகவே தெரியும். அடியில் கண்ணாடிபோல் மின்னும் குழாயை எந்த அம்பாசிடரும் உத்தர்பாடாவிலிருந்து கொண்டு வரவில்லை.

உலோகத்தை மாற்றிவிட்டு மூலத்தைக் காத்ததாகச் சொல்வது எப்படி என்ற கேள்வி நியாயமானது. சுவடிப் பண்பாட்டை அறிந்தவர்களுக்கு விடை அவ்வளவு கடினமாக இராது. ஓலை அழியும் என்பது ஏட்டை எழுதியவருக்கே தெரியும். அழியுமுன் பெயர்த்தெழுதப்பட வேண்டும் என்பது அந்த ஊடகத்தின் இயல்பிலேயே அடங்கியிருந்தது. பெயர்த்தெழுதிய ஏட்டைப் போலி என்று யாரும் சொன்னதில்லை. தாளுக்கு மாறியபோதும் பாடம் பாடமாகவே இருந்தது. குற்றமாகக் கருதப்பட்டது இடைச்செருகல்: பெயர்த்தெழுதுபவர் தம் சொல்லை மூலத்தின் சொல்போல நுழைப்பது. காரின் எல்லா உறுப்புகளுக்கும் இந்த ஒப்புமை பொருந்தாது. அடிச்சட்டத்தின் எண் ஒன்றே ஒன்றுதான். அதைப் பெயர்த்தெழுத முடியாது. சைலன்சர் அப்படிப்பட்டதன்று. ஆலையிலிருந்து வெளிவந்த நாளிலேயே சில ஆண்டுகளில் மாற்றப்படுவதற்கென்று செய்யப்பட்ட உறுப்பு அது. 1965இன் அம்பாசிடர் இன்றுவரை எத்தனையோ சைலன்சர்களைத் தேய்த்துத் தள்ளியிருக்கும். அதன் 'மூலச் சைலன்சர்' என்று இன்று எதுவும் கிடையாது. இருப்பது பாடம் மட்டுமே. குழாயின் விட்டம், போகும் வழி, வளைவுகள், டப்பாவின் இருப்பிடமும் கொள்ளளவும் உள்ளமைப்பும், வால்குழாயின் நீளம் ஆகியவையே அந்தப் பாடம். அவற்றைக் காத்து உலோகத்தை மாற்றுவது பெயர்த்தெழுதல். அவற்றை மாற்றி, உலோகம் மட்டும் அசல் இரும்பு என்று பெருமைப்படுவது இடைச்செருகல்.

பழைய வாகனக் கழகங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவாவின் டூரின் பட்டயமும் ஏறத்தாழ இத்திசையில்தான் பேசுகிறது. அந்த வண்டியின் காலத்துக்கு உரியதல்லாத மாற்றம் தவிர்க்க முடியாதெனில், அது அடக்கமாகவும், பின்னால் நீக்கி மூலநிலைக்குத் திரும்பக் கூடியதாகவும் இருக்க வேண்டும். கழற்றிய மூல உறுப்புகளை வண்டியோடு பாதுகாக்க வேண்டும் என்பது அதன் நோக்கு. கழற்றிய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை எடை போட்டு விற்றுவிடும் நாட்டுக்கு இந்தக் கடைசி வரி மட்டுமே பெரிய உதவி.

விலக்குகளும் உண்டு. 1960, 70களில் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்காகப் பல கார்கள் அக்காலத்திலேயே மாற்றியமைக்கப்பட்டன. அங்கே ஓடியதற்குப் புகைப்படமோ பதிவேடோ உள்ள ஒரு வண்டிக்கு, அன்று அது அணிந்திருந்த ஹெடரும் திறந்த குழாயும்தான் மூலபாடம். அதற்கு ஆலைச் சைலன்சரைப் பொருத்துவதே அங்கு இடைச்செருகலாகும். ஆனால் சான்று வேண்டும். 'அந்தக் காலத்திலேயே இப்படிச் செய்வார்கள்' என்பது சான்றன்று. 'அந்தக் காலத்தில்' என்று தொடங்கும் எல்லா வாக்கியங்களுக்கும் மொழி வரலாற்று மாணவர்கள் காட்டும் ஐயத்தை இங்கும் காட்டலாம்.

இவ்வளவும் உரிமையாளரின் விருப்பம், மற்றவருக்கு இதில் என்ன என்று கேட்போருக்குச் சாலையைத்தான் காட்ட வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதற்பதிவு செய்து 50 ஆண்டு கடந்த, சொந்தப் பயன்பாட்டு இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'விண்டேஜ்' என்ற தனிப் பதிவை ஏற்படுத்தியது. பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். வண்டி மூலவடிவில் பேணப்பட வேண்டும். அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இருக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓடலாம். புகைக்குழாய் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. அந்த மௌனத்தை அனுமதி என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விண்டேஜ் பதிவு ஒலிவிதியிலிருந்து விலக்குச் சீட்டு அன்று. 2019இன் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்கீழ், ஒலி, காற்று மாசு அளவுகளை மீறி ஓட்டுபவருக்கு முதல்முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்தையும் மூன்று மாதத்துக்கு இழக்க நேரும்.

1980களின் அம்பாசிடருக்கு அந்த விண்டேஜ் தகுதியும் இன்னும் இல்லை. அது பழையதாகிவிட்டது, ஆனால் சட்டத்தின் கண்ணில் தொன்மை பெறவில்லை. தில்லி வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாய ஆணையை 2018இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது முதல், பழைய கார் என்றாலே மாசு என்ற சமன்பாடு பொதுமனத்தில் படிந்திருக்கிறது. பல நகரங்களில் காவல்துறை, இருசக்கர வண்டிகளிலிருந்து பறிமுதல் செய்த மாற்றுச் சைலன்சர்களைச் சாலையில் வரிசையாக அடுக்கி ரோடு ரோலரால் நசுக்கும் காட்சி இன்று அரிதல்ல. பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள், இரவில் உறக்கம் கெட்டவர்களுக்கு அது நியாயமாகவே படும். அந்தப் பொதுமனத்துக்கு முன்னால்தான் பழைய கார்கள் தமக்கான இடத்தைக் கேட்டு நிற்கின்றன. மருத்துவமனை இருக்கும் தெருவில் முழங்கிக்கொண்டு போகும் ஒரே ஓர் அம்பாசிடர், அடக்கமாக ஓடும் பல வண்டிகளின் வழக்கைத் தோற்கடித்துவிடும். அது வரலாற்றுக்கும் பொய். ஆட்சியரும் அமைச்சரும் மருத்துவரும் ஏறிவந்த அந்த வண்டி, தன் காலத்தில் உரத்துப் பேசுவதற்காக அறியப்பட்டதன்று.

ஆகவே தேர்வு பட்டறையில் தொடங்கக் கூடாது. வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே, அது ஓடும் நிலையில் இருந்தால், களப்பணிக்குப் போகும் மொழியியலாளர் செய்வதுபோல் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். வால்குழாயிலிருந்து குறித்த தூரத்தில் கருவியை வைத்து, குளிர்ந்த எஞ்சின், சூடேறிய எஞ்சின், குறித்த சில சுற்று வேகங்கள் என்று முறையாகப் பதிய வேண்டும். அது மூலத்தின் ஒலி என்று கொள்ள முடியாது. பலமுறை பெயர்த்தெழுதப்பட்ட பின் எஞ்சிய ஒரு பிரதியின் ஒலிதான். ஆனால் அதே காலத்தைச் சேர்ந்த இரண்டு, மூன்று வண்டிகளின் பதிவுகளை ஒப்பிட்டால், எது பொதுப் பண்பு, எது பின்னாளில் ஏறிய பிழை என்று பிரித்தறிய வழி பிறக்கும். பழைய திரைப்படங்களை இதற்கு நம்புவது வீண். அவற்றில் கேட்கும் கார் ஒலி பெரும்பாலும் ஒலிக்கூடத்தில் பின்னர் சேர்க்கப்பட்டது. வண்ணக் குறியீட்டுக்கும் குரோமுக்கும் இவ்வளவு ஆவணம் சேர்க்கும் ஆர்வலர்களிடம், ஓடுகிற 1489 சி.சி. எஞ்சின்களின் ஒலித்தொகுப்பு ஒன்று உருவாவது கடினமன்று. ஒலியியல் ஆய்வகமும் ஒலிவாங்கியும் உள்ள பல்கலைக்கழகத் துறைகள் இதில் கைகொடுக்கலாம். முதுகலை மாணவர் ஒருவரின் ஒரு பருவத் திட்டக் கட்டுரைக்கு இது தாராளமாகப் போதும்.

பழைய குழாயைக் கழற்றும்போது வெட்டாமல் கழற்றச் சொல்ல வேண்டும். வளைவுகளுக்கு அதைவிட நல்ல அச்சு கிடைக்காது. வெளிவிட்டத்தை வெர்னியரால் பல இடங்களில் அளந்து, துருவால் உப்பாத இடத்தின் அளவை எடுத்துக்கொள்ளலாம். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசல் இருந்தால் அதை ஒட்டத் தெரிந்தவரைத் தேடுவது ஹெடர் வாங்குவதைவிட மெதுவான வேலை. ஆனால் அந்த எஞ்சினில் உள்ளிழுக்கும் குழலும் புகைக்குழலும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, ஒன்றின் சூடு மற்றதை எட்டும் என்று கருதியே எல்லாம் பழகியிருக்கிறது என்பதை நினைவில் வைப்பது நல்லது. புதிய சைலன்சரின் அடியில், மிகத் தாழ்ந்த புள்ளியில், ஒரு சிறு துளை இருக்கலாம். தேங்கும் நீர் வடிவதற்காக வைக்கப்பட்டது அது. கசிவு என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். வண்டியை எடுக்குமுன் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு வாசல்வரை ஓட்டி நிறுத்திவிடாமல், வால்குழாயில் நீராவி நின்று குழாய் முழுதும் காயும்வரை, ஓர் இருபது கிலோமீட்டராவது ஓட்டிவருவது நல்லது.